ஓடு சுலபமாக உரிய முட்டையை எப்படி அவிப்பது: பச்சைத் தண்ணீரா, கொதிநீரா, இட்லிச் சட்டியா?

சனிக்கிழமை தோறும் விடியற்காலையில் 40 பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டுகிறேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் பிளாட்டுக்குக் கீழே ஒரு மேசை போட்டு விற்பது, அவ்வளவுதான் கடை. ஒரு பொட்டலத்துக்குப் பாதி முட்டை. 20 முட்டையை அவித்து, உரித்து, தையல் நூலால் இரண்டாக அறுத்து, மஞ்சள் கரு மேலே பார்க்கும்படி சம்பல் என்ற மிளகாய்த் தொக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பசியாற உட்காருபவர் இலையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த முட்டைதான். வெள்ளைக்கரு பிய்ந்து குழி குழியாக இருந்தால், சோறு எவ்வளவு மணமாக இருந்தாலும் பழைய பொட்டலமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். பிய்ந்த முட்டை நூலுக்கும் நிற்காது, நடுவிலேயே உடையும். முட்டைக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியமும் 2025 ஆகஸ்டோடு முழுதாக நின்றுவிட்டது. ஒரு முட்டை வீணானாலும் கையைக் கடிக்கிறது.

இதை நான் அக்கறையாகப் பார்க்கத் தொடங்கியது ஒரு பிறந்தநாள் ஆர்டருக்குப் பிறகு. 60 முட்டை போட்டு முட்டை சம்பல் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். நல்ல முட்டையாக இருக்கட்டும் என்று செபராங் பிறை பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கே போய், அன்று காலை இட்ட முட்டையாகக் கேட்டு வாங்கிவந்தேன். அம்மா செய்வது போலவே பெரிய பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, முட்டையைப் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தேன். உரிக்க உட்கார்ந்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. ஓட்டோடு வெள்ளைக்கருவும் சேர்ந்து கையோடு வந்தது. சில முட்டையில் மஞ்சள் கருவே வெளியே தெரிந்தது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உரித்தோம். முழுதாகத் தேறியது 20கூட இருக்காது. சம்பலுக்கு முட்டையை முதலில் மஞ்சள் தூள் தடவி எண்ணெயில் புரட்டுவேன். பிய்ந்த முட்டையில் ஈரம் வெளியே இருப்பதால் எண்ணெய் படபடவென்று வெடித்து, கையெல்லாம் கொப்புளம். அந்த அக்கா சொன்னார்: “புது முட்டைய யாராச்சும் அவிப்பாங்களாமா? ரெண்டு நாள் போட்டு வச்சிருக்கலாம்ல.”

அவர் சொன்னது சரி. ஏன் சரி என்று புரிந்துகொண்ட பிறகு, எந்த வழியில் அவிப்பது என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிட்டது.

முட்டை ஓட்டுக்கு உள்ளே இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அகலமான முனையில் மட்டும் அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நிற்கும். அந்த இடைவெளிதான் காற்றறை. உரிக்கும்போது தகராறு செய்வது வெள்ளைக்கருவை ஒட்டியிருக்கும் உள் சவ்வு. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். அதனால் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். எண் 8க்குக் கீழே இருக்கும். அந்த நிலையில் வேகவைத்தால் வெள்ளைக்கருவின் புரதம் சவ்வை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நாள் போகப் போக அவற்றின் வழியாக அந்த வாயு வெளியேறும், பி.எச். 9ஐத் தாண்டும், பிடி தளர்ந்துவிடும். கூடவே ஈரமும் கொஞ்சம் ஆவியாகி, காற்றறை பெரிதாகி, உரிக்கத் தொடங்க இடம் கிடைக்கும்.

நம் ஊர் வெயிலில் இது சீக்கிரம் நடக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் பத்து நாள் ஆவது, சமையலறை மேடையில் மூன்று நான்கு நாளிலேயே ஆகிவிடுகிறது என்பது என் அனுபவம். அதனால் சனிக்கிழமைக்கு வேண்டிய முட்டையைச் செவ்வாய், புதன் வாக்கில் மார்க்கெட்டில் வாங்கி மேடையிலேயே வைத்துவிடுகிறேன். எதிர் வீட்டுச் சீன அம்மா பேரனுக்கு மாதம் நிறைந்தபோது சிவப்பு முட்டை கொடுத்தார். ஒரு வாரம் முன்னாலேயே முட்டை வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் கொடுத்த முட்டைகள் சவ்வோடு சேர்ந்து பாவாடை அவிழ்வது போல ஒரே சுற்றில் உரிந்தன.

மார்க்கெட்டில் தட்டு தட்டாக வாங்கும் முட்டையில் தேதி இருக்காது. தௌக்கேயை, அதாவது கடை முதலாளியைக் கேட்டால் எல்லாமே புதுசு என்றுதான் சொல்வார். ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கொண்டால் புது முட்டை, ஆம்லெட்டுக்கும் பாதி வேக்காட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அடியில் முனை தட்டி நிமிர்ந்து நின்றால் அவிப்பதற்குப் பக்குவம். மேலே மிதந்தால் வேண்டாம்.

முட்டையின் வயதுக்கு அடுத்தபடி முக்கியமானது சூடு ஏறும் வேகம். காயாத தோசைக்கல்லில் மாவு ஊற்றினால் என்ன ஆகும்? ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த கல்லில் ஊற்றினால் ஓரம் தானாகக் கிளம்பும். முட்டையிலும் அதுதான் நடக்கிறது. மெதுவாகச் சூடேறினால் வெள்ளைக்கரு சவ்வோடு பின்னிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. எடுத்த எடுப்பில் 100 டிகிரி சூடு பட்டால் வெளிப்பக்கம் உடனே இறுகிச் சுருங்கி, சவ்வைவிட்டு விலகிவிடுகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: முட்டை மேல் முதல் நிமிடத்தில் எவ்வளவு சூடு படுகிறது?

இந்தக் கணக்கில் பச்சைத் தண்ணீரில் தொடங்குவது கடைசி இடம். நம் அம்மா, பாட்டி எல்லாரும் செய்தது அதுதான் என்பதால் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் உண்மை அதுதான். பெரிய பானைத் தண்ணீர் கொதிக்க 12, 15 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் முட்டை மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டே இருக்கும். அடுப்பின் வேகம், பானையின் கனம், தண்ணீரின் அளவு மூன்றும் மாறினால் வேகும் நேரமும் மாறும். அதனால் ஒரு வாரம் சரியாக வந்த முட்டை அடுத்த வாரம் வராது. இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: ஓடு வெடிப்பது குறைவு. முட்டை பத்து நாள் பழையது, வீட்டில் குழம்புக்கு நாலு முட்டைதான் என்றால் இதிலும் ஒழுங்காகவே உரியும். பாட்டி காலத்தில் முட்டை கடைக்கு வந்து சேரவே நாள் ஆனதால் யாரும் இந்தச் சிரமத்தை அதிகம் உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கொதிக்கும் தண்ணீரில் போடுவதுதான் வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் வழி. தனிச் சாமான் எதுவும் வேண்டாம். தண்ணீர் முட்டையை மூடி ஒரு அங்குலம் மேலே நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தளதளவென்று கொதித்ததும் தீயைக் கொஞ்சம் குறைத்து, முட்டையைக் குழிக்கரண்டியில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். மேலே இருந்து போட்டால் அடியில் மோதி விரிசல் விடும். எல்லாம் இறங்கியதும் மறுபடி தீயைக் கூட்டி, கொதி வந்ததும் நடுத்தர தீயில் விடுங்கள். 60 முதல் 65 கிராம் வரை இருக்கும் பி கிரேட் முட்டை, மேடையில் இருந்தது என்றால், 7 நிமிடத்தில் மஞ்சள் கரு வழியும், 9 நிமிடத்தில் நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருக்கும், 11, 12 நிமிடத்தில் முழுதாக வெந்துவிடும். சம்பலிலோ குழம்பிலோ மறுபடி கொதிக்கப் போகிற முட்டைக்கு 10 நிமிடம் தாராளம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து நேராக எடுத்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள், வெடிக்கும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து போடுவது நல்லது. கேமரன் மலையில் சொந்தக்காரர் வீட்டில் சமைத்தால் இந்த நேரம் எதுவும் ஒத்துவராது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும்.

இந்த வழிக்கு ஒரு எல்லை இருக்கிறது. அது எனக்கு 20 முட்டை போட்டபோதுதான் தெரிந்தது. 20 முட்டை என்றால் ஒன்றேகால் கிலோ கனம். அத்தனையையும் கொதிநீரில் இறக்கியதும் கொதி அடங்கிவிடுகிறது. மறுபடி கொதி வர எங்கள் அடுப்பில் ஐந்தாறு நிமிடம் ஆகிறது. கொதிநீரில் போட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், முட்டைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட பச்சைத் தண்ணீர் வைத்தியம்தான். முதலில் போட்ட முட்டைக்கும் கடைசியில் போட்ட முட்டைக்கும் இரண்டு நிமிடம் வித்தியாசமும் வந்துவிடும். எட்டு, பத்து முட்டைக்கு மேல் போனால் இந்த வழியை நான் விட்டுவிடுகிறேன்.

அங்கேதான் இட்லிச் சட்டி வருகிறது. பரணில் ஏறிக் கிடக்கும் பாத்திரம் முட்டைக்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் போதும், மூன்று நாலு நிமிடத்தில் கொதித்துவிடும். மூடியோரத்தில் ஆவி பலமாக வந்த பிறகுதான் திறந்து முட்டையை வைக்க வேண்டும், அதற்கு முன்னால் வைத்தால் பலன் போய்விடும். குழித்தட்டில் வைத்தால் முட்டை உருளாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அடுக்குத் தட்டாக இருந்தால் இரண்டு தட்டுக்கு நடுவே முட்டை நிற்க உயரம் பற்றாது, ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுதான் வைக்க முடியும். நான் குழித்தட்டையே எடுத்துவிட்டு, கொழுக்கட்டை அவிக்கும் ஓட்டைத் தட்டைப் போடுகிறேன். 20 முட்டையும் ஒரே அடுக்காகப் பரவி நிற்கும். இடுக்கியால் வையுங்கள், ஆவியில் கை வைத்தால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும்.

ஆவி ஏன் ஜெயிக்கிறது என்றால், அது முட்டை மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் சூட்டில் பெரும் பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. அடியில் தண்ணீர் கொஞ்சம்தான் என்பதால், மூடியைத் திறந்து மூடினாலும் ஒரு நிமிடத்தில் மறுபடி ஆவி நிறைந்துவிடும். முட்டைகள் தண்ணீரில் உருண்டு ஒன்றோடொன்று மோதிக்கொள்வதும் இல்லை. 13 நிமிடத்தில் முழு வேக்காடு. அதே மார்க்கெட், அதே நாள் முட்டையை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு வழியிலும் பல சனிக்கிழமை செய்து பார்த்தேன். ஆவியில் வைத்தது 20க்கு ஒன்று பிய்ந்தால் அதிகம். கேஸும் மிச்சம்.

பிரஷர் குக்கர், இப்போது பல வீட்டில் இருக்கும் மின்சார பிரஷர் குக்கர், இரண்டும் உரிப்பதில் ஆவிக்குச் சமம் என்றே சொல்வேன். உள்ளே சூடு 110 டிகிரியைத் தாண்டுவதால், இரண்டு நாள் முட்டைகூடச் சட்டென்று உரிகிறது. மின்சாரக் குக்கரில் 5 நிமிடம் அழுத்தம், 5 நிமிடம் அப்படியே விடுவது, 5 நிமிடம் ஐஸ் தண்ணீர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது. என்னைத் தடுப்பது வேறு. எத்தனை முட்டை, எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்து அழுத்தம் ஏறும் நேரம் மாறுகிறது, கொஞ்சம் கூடினால் மஞ்சள் கரு மாவு மாதிரி உலர்ந்துபோகிறது. உள்ளே வெடித்த முட்டையும் ஒன்றிரண்டு இருக்கும். குழம்பில் முழு முட்டையாகப் போடுவதற்குப் பரவாயில்லை. பாதியாக அறுத்து, பார்க்க வைக்கும் நாசி லெமாக்குக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. புது முட்டைதான் கையில் இருக்கிறது, உடனே அவித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் மட்டும் குக்கரை எடுப்பேன்.

ஏர் ஃபிரையரில் தண்ணீரே வேண்டாம் என்று சொன்னார்கள், செய்து பார்த்தேன். வெந்தது. வெள்ளைக்கருவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தது, காற்று மெதுவாகவே சூடேற்றுவதால் உரிப்பதும் சுமார். ஏழு முட்டை வைக்கும் சின்ன மின்சார அவிப்பான் ஆவியில்தான் அவிக்கிறது, ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைகளுக்கு நல்லது.

உப்பு, வினிகர், சோடா உப்பு பற்றியும் கேட்பார்கள். உப்பும் வினிகரும் விரிசல் விட்ட முட்டையில் இருந்து வெள்ளைக்கரு ஒழுகினால் அதைச் சீக்கிரம் இறுக வைத்து அடைத்துவிடும், அதற்காகப் போடலாம். உரிப்பதில் நான் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை. சோடா உப்பு தண்ணீரைக் காரமாக்கும், அதனால் உரியும் என்பார்கள். அவியும் பத்து நிமிடத்தில் அது ஓட்டைத் தாண்டி உள்ளே போய் என்ன செய்துவிட முடியும்? எனக்குக் கிடைத்தது அடுப்படியில் ஒரு நாற்றம் மட்டும்தான்.

அப்புறம் ஐஸ். மேலே சொன்னதை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் முட்டையைக் குழாய்த் தண்ணீரில் போடுகிறவர்கள்தான் அதிகம். குளிர்நாட்டுச் செய்முறையில் ‘குளிர்ந்த தண்ணீர்’ என்று எழுதியிருந்தால் அது அவர்கள் ஊர்க் குழாய்க்குப் பொருந்தும். நம் குழாயில் வருவது 28, 30 டிகிரி. 20 முட்டையைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், உள்ளே முட்டை வெந்துகொண்டே இருக்கும். 12 முட்டைக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீழே மளிகைக் கடையில் பையாகக் கிடைக்கிறது. முட்டை முழுதும் மூழ்கி 10 நிமிடமாவது இருக்கட்டும். வெள்ளைக்கரு சுருங்கி ஓட்டைவிட்டு இன்னும் கொஞ்சம் விலகும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருவதையும் இதுதான் தடுக்கிறது. அதிகம் வெந்தாலோ மெதுவாக ஆறினாலோ வெள்ளைக்கருவில் இருந்து வரும் கந்தக வாயு மஞ்சள் கருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்து அந்த நிறம் வருகிறது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் பொட்டலத்தில் வைத்துப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும்.

உரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முட்டையின் அகல முனையை மேடையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், காற்றறை இருக்கும் இடம் அது, கொஞ்சம் பள்ளமாக விழும். பிறகு பக்கவாட்டில் வைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி ஒரு சுற்று உருட்டினால், ஓடு வலை மாதிரி நொறுங்கிச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் கட்டைவிரல் நுனியை வைத்து, ஓட்டை மட்டும் கிள்ளாமல் அதன் அடியில் இருக்கும் அந்தப் பளபளப்பான சவ்வைப் பிடியுங்கள். சவ்வுக்கு அடியில் விரல் போய்விட்டால் மிச்சம் தானாக வரும். பிடிவாதமான முட்டையை அந்த ஐஸ் தண்ணீருக்குள்ளேயே வைத்து உரியுங்கள், தண்ணீர் சவ்வுக்கு அடியில் புகுந்து தூக்கிக்கொடுக்கும்.

ஆக, யார் எதை எடுப்பது? பிள்ளைகளின் பள்ளிக்கூட டிபனுக்கு இரண்டு, நாலு முட்டை என்றால் கொதிநீர் போதும், அதற்காக இட்லிச் சட்டியை இறக்க வேண்டாம். பத்துக்கு மேல் போனால் இட்லிச் சட்டி, வீட்டில் இல்லாவிட்டால் மூடி போட்ட எந்த ஸ்டீமரும் சரி. முட்டை அன்று வாங்கியது, அன்றே விருந்து என்றால் பிரஷர் குக்கர். 60 முட்டை ஆர்டர் மறுபடி வந்தால், ஐந்து நாளுக்கு முன்னால் முட்டையை வாங்கிவிடுவேன், 20, 20ஆக மூன்று ஈடு ஆவியில் வைப்பேன். ஒரே பானையில் 60ஐயும் கொட்ட மாட்டேன்.

முன்தினமே அவித்து வைக்க நினைத்தால் ஓட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் வரை இருக்கும். அவித்த முட்டை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அதனால்தான் நான் சனிக்கிழமை நாலேகால் மணிக்கு, தேங்காய்ப்பால் சோறு குக்கரில் வேகும்போதே இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறேன். ஐந்து மணிக்கு 20 முட்டையும் உரிந்து தட்டில் இருக்கும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பிக்கும்போது, இலை துடைக்க மகளும் எழுந்து வந்துவிடுவாள்.